டிக்கெட் எடுக்காத காது

முப்பத்தொரு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்க டிக்கெட்டைப் பார்க்கவே வேண்டாம், தோளைப் பார்த்தால் போதும். நான் படியில் கால் வைத்ததும் எவன் தோள் லேசாகச் சுருங்குகிறதோ அவன்தான் ஆள். டிப்போவில் எனக்குக் ‘கழுகு’ என்று பெயர். வைத்தவர்கள் என்னமோ திட்டத்தான் வைத்தார்கள். நான்தான் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற பிறகும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வளைய வந்துகொண்டிருந்தேன்.

இந்தக் கழுகுக்குக் காது கேட்காது. அது ஊருக்கே தெரியும். எப்படிக் கேட்காமல் போனது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அதைத்தான் சொல்லப் போகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆறு வருடம் முன்பு மனைவி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் காது கேட்கும் அளவைச் சோதிக்கிற ஒரு ஆடியாலஜிஸ்ட் முன்னால் உட்கார வைத்தாள். நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார், அதனால் எங்கள் வீட்டில் அவருக்குத் ‘தலையாட்டி’ என்று பெயர். என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, “கீச்சுன்னு ஒரு சத்தம் வரும் சார், கேட்டா கையைத் தூக்குங்க” என்றார். முதல் இரண்டு சத்தம் கேட்டது. தூக்கினேன். மூன்றாவது வரவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய தோள், எதையோ அழுத்தியது போல, லேசாக அசைந்தது.

என் கை தானாக மேலே போய்விட்டது. அவரும் தலையாட்டினார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சத்தமே தேவைப்படவில்லை. தோள் அசைந்தால் கை, தோள் அசைந்தால் கை. காதுக்கு நடந்த பரீட்சையைக் கண்ணால் எழுதி முடித்தேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் செய்தேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அதெல்லாம் இல்லை. வெறும் வீராப்பு. ஒரு கீச்சுச் சத்தத்திடம் தோற்பதா என்கிற வீராப்பு.

“உங்க வயசுக்குக் காது ரொம்ப நல்லாவே இருக்கு சார். லேசான குறைதான். சின்னதா ஒரு மெஷின் வெச்சா சரியாயிடும்” என்றார் தலையாட்டி. வகுப்பில் முதல் மார்க் வாங்கினவன் மாதிரி வெளியே வந்தேன். மனைவியிடம் ரிப்போர்ட்டை நீட்டி, “பாத்தியா?” என்று வேறு கேட்டேன். இரண்டு காதிலும் மெஷின் ஏறியது. லேசான குறைக்கு வைக்கிற லேசான சத்தத்தோடு. வருடத்துக்கு ஒரு தடவை மறுபரிசோதனை நடக்கும். வருடத்துக்கு ஒரு தடவை தோளைப் பார்ப்பேன்.

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்தாறு வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று சொல்கிற வேலை. அவள் குரலைக் கேட்டால் டிரைவர்கள் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். அப்பேர்ப்பட்ட குரல், சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து சேரவில்லை. ஐந்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். அவளும் பாவம் யோசித்திருக்கிறாள். புருஷன் காது நல்ல காது, ரிப்போர்ட் இருக்கிறது. அதற்கு மேல் மெஷினும் இருக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே?

“என் குரல்தான் செத்துப்போச்சு போல” என்றாள் ஒரு நாள். இது எனக்கே கேட்டது. அந்த அளவுக்குக் கத்திச் சொன்னாள்.

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “வயசாகுதில்ல” என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் சொன்னேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

குரல் போகிறது என்று நினைத்துக்கொண்டு அவள் மைக்கிலும் கத்த ஆரம்பித்தாள். வேலையில் கத்தல், வீட்டில் கத்தல். போன மாதம் ஒரு அறிவிப்பின் நடுவில் குரல் உடைந்து, மீதி வார்த்தை வெளியே வரவேயில்லை. அதிகாரி அவளை மைக்கிலிருந்து எடுத்து, பயணிகள் தொலைத்த பொருள்களைப் பார்த்துக்கொள்கிற அறையில் போட்டுவிட்டார். குடைகளுக்கும் டிபன் பாக்ஸ்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாணில் காய்ப்பு காய்த்திருக்கிறது, கத்திக் கத்தி வந்தது என்றார். மூன்று மாதம் குரலை உயர்த்தவே கூடாது. அப்படியும் கரையாவிட்டால் ஆபரேஷன். ஆபரேஷன் செய்தாலும் பழைய குரல் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. குரல் வராவிட்டால் மைக்கும் கிடையாது, ஓய்வு பெறும்வரை குடைகள்தான்.

அன்றிலிருந்து அவள் மெதுவாகத்தான் பேசினாள். அதாவது, பேசியிருக்கிறாள். எனக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்ட ஆரம்பித்தாள். இருபதாவது நாள் ஒரு தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ‘தலையாட்டிக்கு வேலை தெரியவில்லை. வேறு ஆளைப் பார்க்கிறோம். நாளைக்குப் பத்து மணி.’

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் சொல்லக்கூடிய காரணம் ஒன்றுகூட இல்லை.

புது இடத்தின் வரவேற்பில் இருந்த பெண், “வேற இடத்துல வாங்கின மெஷினா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, யாரோ பாதி சாப்பிட்ட தட்டைப் பார்ப்பது போல என் காதைப் பார்த்தாள். புது ஆடியாலஜிஸ்ட் சின்ன வயசுப் பெண். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். சிரிக்கவில்லை. மெஷின்களைக் கழற்றி வாங்கிக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒரு நாளைக்குச் சராசரியா பதினாலு மணி நேரம் போட்டிருக்கீங்க சார். இவ்வளவு ஒழுங்கா போடறவங்களை நான் பாத்ததே இல்ல” என்றாள், என் பக்கம் குனிந்து, உரக்க. இந்தப் பாராட்டுக்கும் நான் ஒரு முறை நெஞ்சை நிமிர்த்தினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தாள். “நான் புதுசா ஒரு டெஸ்ட் எடுத்துடறேன். அம்மா கொஞ்சம் வெளிய இருங்க.”

உள்ளே போனேன். நாற்காலி சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. கண்ணாடி என் முதுகுக்குப் பின்னால். கையைத் தூக்க வேண்டாமாம், அழுத்துவதற்கு ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். தோள் இல்லாமல் கழுகு என்ன செய்யும்? ஆனாலும் விட்டேனா? முதல் சில சத்தங்கள் எத்தனை விநாடிக்கு ஒரு தடவை வருகின்றன என்று மனதுக்குள் எண்ணி வைத்துக்கொண்டேன். பிறகு சத்தம் நின்றுபோனாலும் கணக்கு நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அழுத்து. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

ஹெட்போனில் அவள் குரல் வந்தது.

“சார், கடைசி ரெண்டு நிமிஷம் நான் எந்தச் சத்தமும் கொடுக்கல. நீங்க பதினோரு தடவை அழுத்தியிருக்கீங்க.”

கையும் களவுமாக மாட்டினேன். முப்பத்தொரு வருடம் நான் பிடித்த அத்தனை பேரும் முதலில் சொன்ன அதே வார்த்தைகள்தான் என் வாயிலிருந்தும் வந்தன. “அப்படியா? இப்பதானே... கேட்ட மாதிரி இருந்ததே...”

கதவைத் திறந்துகொண்டு வந்து என் எதிரே நின்று உரக்கக் கேட்டாள். “பழைய இடத்துல அவர் உங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி உட்காருவாரா?”

“பக்கவாட்டுல. தோள் தெரியும்.”

“என்ன வேலை சார் பாத்தீங்க?”

“டிக்கெட் செக்கர்.”

அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள், அடக்கப் பார்த்தும் முடியவில்லை. நான் அசடு வழிய உட்கார்ந்திருந்தேன். சிரித்து முடித்ததும், “நான் இங்க மார்க் போட உட்காரல. கேக்கலன்னா கேக்கலன்னு சும்மா இருங்க. அது போதும்” என்றாள்.

மறுபடி ஆரம்பித்தாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஒரு சத்தம் வரும், பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் எத்தனை சத்தங்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன என்று நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. அதைவிட, வெட்கமாக இருந்தது.

புது ரிப்போர்ட்டில் கேட்கும் அளவைக் காட்டுகிற கோடு சரசரவென்று கீழே இறங்கிவிட்டிருந்தது. புது மெஷின் வாங்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்து, “புதுசா வாங்கணுமா?” என்றேன். “எதுக்கு? இதுவே நல்ல மெஷின். ஆறு வருஷமா இதுகிட்ட நீங்க பாதி வேலைகூட வாங்கல” என்றாள். கம்ப்யூட்டரில் எதையெதையோ மாற்றி, மெஷின்களைத் திரும்ப என் காதில் பொருத்தினாள். பட்டென்று அறை திறந்துகொண்டது. ஏசி ஓடுவது கேட்டது. நாற்காலி முனகியது. என் மூச்சே எனக்குக் கேட்டது.

“வீட்டுக்காரம்மாகிட்ட இதைச் சொல்ல வேணாம்மா” என்றேன். என் குரலே யாரோ மாதிரி இருந்தது.

“நானா போய்ச் சொல்லமாட்டேன். அவங்க கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன்” என்றாள். “கடைசியா ஒண்ணு. சுவரைப் பாத்து உட்காருங்க. ஒருத்தரைப் படிக்கச் சொல்றேன், வீட்ல சாதாரணமா பேசற சத்தத்துல. கேக்கறதைத் திருப்பிச் சொல்லுங்க.”

கதவு திறந்து மூடியது. கொஞ்ச தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “கதவைச் சாத்து.” கதவைச் சாத்து என்றேன். “மணி என்ன ஆச்சு?” அதையும் திருப்பிச் சொன்னேன். “அடுப்புல பால் இருக்கு.” “சாவியை மேசை மேல வை.” “நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்கணும்.” ஒன்றுகூடத் தவறவில்லை. தோளைப் பார்க்காமல், கணக்குப் போடாமல், யோக்கியமாக வாங்கிய மார்க். சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

“எல்லாமே கேக்குது! வரவேற்புல இருந்த பொண்ணுதானே படிச்சுது? பாவம், தொண்டை கட்டி ஓட்டைத் தகரம் மாதிரி கிடக்கு. வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க.”

சொன்ன கையோடு திரும்பினேன்.

கையில் தாளோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

ஆறு வருடமாக நான் கேட்டது அவள் கத்தலை மட்டும்தான். அவள் பேசி நான் கேட்கவே இல்லை. நடுவில் அந்தக் குரல் இப்படி ஆகியிருக்கிறது. பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் மெஷினை மாட்டிக்கொண்டு.

அவள் கோபப்படவில்லை. கண்ணெல்லாம் மலர்ந்திருந்தது. “எல்லாமே கேட்டுச்சா? நான் மெதுவாத்தானே படிச்சேன்?” என்றாள். சொல்லின் பாதி காற்றாகப் போயிற்று. உடனே அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். “அப்ப அந்தத் தலையாட்டி ஆறு வருஷமா மெஷினைத் தப்பா வெச்சிருக்கான். நான் என் தொண்டையைக் குறை சொல்லிக்கிட்டுக் கிடந்தேன். அவனைச் சும்மா விடக்கூடாது. அவன் தப்புதான்னு எழுதித் தருவீங்களா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

பூசி மெழுகிவிடலாம். ஒன்றும் பெரிய காரியமில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தலையாட்டி வந்து மறுக்கவா போகிறார்? கேட்டால் அதற்கும் தலையாட்டுவார். ஆனால் ‘என் தொண்டை’ என்று அவள் சொன்னது இன்னும் காதிலேயே இருந்தது.

“அவர் மேல தப்பில்ல” என்றேன். “நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். தோள், கை, வருடா வருடம் நடந்த நாடகம், இன்றைக்குப் பதினோரு தடவை அழுத்தியது உட்பட. அந்தப் பெண் ஏதோ எடுக்கப் போவது போல வெளியே போய்விட்டாள். மனைவி கையிலிருந்த தாளை மடித்தாள். இன்னொரு தடவை மடித்தாள்.

“என்னை நம்ப வெச்சீங்க” என்றாள். “உங்க காது நல்ல காது, என் குரல்தான் மட்டம்னு நம்ப வெச்சீங்க. நான் போய் மைக்ல கத்தினேன். குரல் உடைஞ்சப்போ அத்தனை ஜனமும் திரும்பி ஸ்பீக்கரைப் பாத்துச்சு, தெரியுமா? இருபத்தாறு வருஷ வேலை. வெட்கமா இல்ல?”

“இருக்கு.”

“எதுக்காக? ஒரு கீச்சுச் சத்தத்துக்காக?”

“ஆமா.”

“மனுஷனா நீங்க?”

அத்தோடு அவள் நிறுத்தவில்லை. பத்து நிமிடம், குரலை ஒரு இழைகூட உயர்த்தாமல், டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாமல் திட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அவள் என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். ஹாரன், பிரேக், யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவது, எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் மோதின. பேசாமல் இருந்திருக்கலாம், என்னால் முடியவில்லை.

“குரல் திரும்ப வந்துடும் இல்ல?” என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. வண்டி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, தனக்குச் சொல்லிக்கொள்வது போல, “தெரியல” என்றாள்.

அத்தனை இரைச்சலிலும் அது எனக்கு முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது. ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்க வழியில்லை.