தூரம் மட்டும் ஹை

ஞாயிற்றுக்கிழமை காலை, பூங்கோதை லேப்டாப்பில் விளையாடும் விளையாட்டிலிருந்து மூன்று பேர் அவள் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, காலிங் பெல்லை ஒரே ஒரு முறை அழுத்தினார்கள்.

பூங்கோதைக்கு ஈரோட்டில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா இருக்குதுங்களா? இப்ப?" என்று பொழுதுக்கும் கேட்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பைத் திறந்து, ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குள் போய்விடுவாள். அந்த ஊரில் அவளுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. குன்றுக்குப் பின்னால் இருக்கும் பூதத்தைக் கொல்ல வேண்டும். வருஷம் இரண்டாகியும் அவள் அதைச் செய்யவில்லை. படித்துறையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போவாள்.

அதனால் கதவைத் திறந்து அவர்களைப் பார்த்ததும் அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"பூதத்தைச் சீக்கிரம் பாத்துடறேனுங்க" என்றாள்.

"அது கெடக்குதுங்க அம்மிணி" என்றாள் முன்னால் நின்ற பெண். "அது பாட்டுக்குத் தூங்குது. நாங்க வந்தது வேற விஷயமா."

அவள் செம்பாயி. அந்த ஊர்ச் சத்திரத்தில் சமைப்பவள். பூங்கோதை அவளிடம் எத்தனையோ முறை ரொட்டி வாங்கியிருக்கிறாள். விளையாட்டில் செம்பாயி இங்கிலீஷ் பேசுவாள். இங்கே கொங்குத் தமிழ் பேசினாள். ஒருவர் வீட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்தவள்.

அவளுக்குப் பக்கத்தில் ஓடக்காரர் நாச்சிமுத்து நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவருக்குப் பெயர் கிடையாது. சந்தை முக்கில் வேப்பமரத்தடியில் எந்நேரமும் நிற்பவர். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு வசனம்.

"மழை வரும்போல இருக்கு" என்றார் அவர்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் பூங்கோதை.

மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். சமையலறையிலிருந்து தாமோதரன் எட்டிப் பார்த்தார். பூங்கோதையின் கணவர். மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது.

"யாரு?"

"ஊர்க்காரங்க."

"எந்த ஊரு?"

அவள் லேப்டாப்பைக் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

"காப்பியா, டீயா?"

காப்பி என்று சொல்லப்பட்டது. அவர் உள்ளே போனார்.

செம்பாயி மடியில் கைகளை வைத்துக்கொண்டாள். "என்ற பையனைக் காணமுங்க" என்றாள்.

அவள் மகன் மாரப்பன் குன்றின் மேலிருக்கும் கோபுரத்தில் காவல் நிற்கிறவன். சத்திரத்து வாசலிலிருந்து பார்த்தால் குன்று தெரியும். குன்றின் மேல் கோபுரம், கோபுரத்தில் அவன். மாவு பிசையும்போது நடுநடுவே நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு அது போதும். போன சனிக்கிழமை நிமிர்ந்தபோது குன்று இல்லை. அது இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"பனின்னு நெனச்சேன். பனின்னா வெயில் ஏறுனாப் போயிருமில்லீங்களா? போகலை."

"கிட்டப் போய்ப் பாத்தீங்களாக்கா?"

"கெணத்தைத் தாண்டி என்னால வர முடியாதுங்க. என்னை அப்படித்தான் வெச்சிருக்காங்க."

கிணற்றைத் தாண்டி வர முடியாதவள் ஈரோட்டுக்கு எப்படி வந்தாள் என்று பூங்கோதை கேட்கவில்லை. சோபாவில் உட்கார்ந்திருக்கிறவளிடம் அதைக் கேட்பது நன்றாக இருக்காது. அவளுக்கு ஞாபகம் வந்தது வேறு. போன சனிக்கிழமை லேப்டாப்பின் ஃபேன் மிக்சி மாதிரிக் கத்தியது. தாமோதரன் எழுந்து வந்து, செட்டிங்ஸைத் திறந்து, கையில் அகப்பட்ட ஒன்றை ஹையிலிருந்து லோவுக்கு இழுத்துவிட்டார். சத்தம் அடங்கியது. அவர் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் இழுத்தது தூரம், விளையாட்டில் எவ்வளவு தொலைவு வரைக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது.

"யாருங்க கொறைச்சது?" என்றாள் செம்பாயி.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நாந்தானுங்க" என்றார் தாமோதரன் உள்ளேயிருந்தே. "சத்தம் தாங்கலை. அதுல ஒரு ஆளு நின்னுட்டு இருப்பாருன்னு தெரியாதுங்க."

"எதுலயும் ஒரு ஆளு நின்னுட்டுத்தானுங்க இருப்பாங்க" என்றாள் செம்பாயி. அவள் குரலில் கோபம் இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தாமோதரனுக்கு இருந்தது.

பூங்கோதை லேப்டாப்பை மேஜையில் வைத்து, தூரத்தை லோவிலிருந்து ஹைக்குத் தள்ளினாள்.

ஹால் நீண்டது. சமையலறைக் கதவு ரயில் கிளம்புவதுபோல் மெதுவாகப் பின்னால் போனது. தாமோதரன் தட்டில் காப்பி டம்ளர்களோடு அதிலிருந்து வெளியே வந்தார். கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தார்.

"இதோ வந்துட்டேன்" என்றார்.

நடந்துகொண்டே இருந்தார். வந்து சேரவில்லை.

திரையில் வெள்ளைக்குள்ளிருந்து குன்றின் ஓரம் எட்டிப் பார்த்தது. செம்பாயி முன்னால் சாய்ந்தாள். அதற்குள் ஃபேன் கத்த ஆரம்பித்து, படம் அப்படியே நின்றுபோனது. ஹாலில் இருந்தவர்களும் நின்றுபோனார்கள். நாச்சிமுத்துவின் கை மீசைக்குப் போகும் வழியில் நின்றது. பூங்கோதையால் யோசிக்க மட்டும் முடிந்தது. இந்த வீட்டில் இதற்கு முன்னும் இப்படி நின்றிருக்கிறோம், யாரும் கவனிக்கவில்லை என்று அவள் யோசித்தாள். பிறகு லேப்டாப் சூடு தாங்காமல் தானாக அணைந்தது.

திரும்பப் போட்டபோது தூரம் லோவுக்கு வந்திருந்தது. சமையலறை பழைய இடத்தில் இருந்தது. தாமோதரன் சோபாவுக்குப் பக்கத்தில் நின்று டம்ளர்களை நீட்டினார். காப்பி ஆறியிருந்தது.

"இதுக்குத் தெம்பு இவ்வளவுதானுங்க" என்றாள் பூங்கோதை. "குன்று வேணும்னா வேற எதையாச்சும் விடணும்."

"புதுசா ஒரு லேப்டாப் வாங்கிட்டா?" என்றார் தாமோதரன்.

"அதுல நாங்க இருக்க மாட்டோமுங்க" என்றார் நாச்சிமுத்து.

தாமோதரன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதலில் நிழலை அணைத்தாள். தரையில் கிடந்த நிழல்கள் எல்லாம் போயின. சோபாவின் நிழல், மனிதர்களின் நிழல், டம்ளர்களின் நிழல். எதுவும் தரையில் சரியாகப் பதியாததுபோல் இருந்தது. பெயரில்லாதவர் துள்ளி எழுந்தார்.

"மழை வரும்போல இருக்கு!" என்று கத்தினார்.

"பொழுதன்னைக்கும் மரத்தடியில நிக்கறவருங்க" என்றார் நாச்சிமுத்து. "நெழலு போனா எங்க நிப்பேங்கறாரு."

"நெழலு இல்லாத வெயிலு அவ்வளவாச் சுடாதுங்க" என்றாள் பூங்கோதை. "வேணும்னா பால்கனியில நின்னு பாருங்க."

அவர் பால்கனிக்குப் போய் வெறுந்தலையோடு வெயிலில் நின்றார். உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். திரும்பி வந்து செம்பாயியின் முகத்தைப் பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கு" என்றார், மெதுவாக.

"சரிங்கறாரு" என்றார் நாச்சிமுத்து.

புல்லைக் குறைத்தாள். அதற்காகப் பேச அங்கே யாரும் இல்லை. துணி, சுவர், மரப்பட்டை இவற்றின் நுணுக்கத்தைக் குறைத்தாள். செம்பாயியின் சேலையிலிருந்த பூக்கள் மறைந்து ஒரே பச்சையானது. அவள் முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க" என்றாள்.

அடுத்தது தண்ணீர். பூங்கோதையின் விரல் நின்றது.

"தண்ணியில மட்டும் கை வெக்க வேண்டாமுங்க" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் அங்க வர்றதே அதுக்குத்தானுங்க. நாள் பூரா மத்தவங்ககிட்ட தெரியுதா, தெரியுதான்னு கேட்டுட்டே இருக்கறேன். அந்தப் படியில வந்து உக்காந்தா யாரும் எதுவும் கேக்கறதில்லை. தண்ணி இருக்குது, நானும் இருக்கறேன்."

தாமோதரன் டம்ளரைக் கீழே வைத்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் இதைக் கேள்விப்பட்டதில்லை. அவள் பூதத்தைக் கொன்றுகொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

"நானும் அதைச் சொல்லத்தான் வந்தேனுங்க" என்றார் நாச்சிமுத்து. "தண்ணியைக் கொறைச்சா அது வெறும் நீலத் துணி. ஓடம் ஓடும். நனையாது."

செம்பாயி வற்புறுத்தவில்லை. தன் டம்ளரைக் கீழே வைத்து, மற்றவர்களின் டம்ளர்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். வெகுநேரம் அதையே செய்தாள்.

"முன்னெல்லாம் அந்தத் தண்ணிக்குள்ள குன்று தெரியுமில்லீங்க?" என்றாள்.

பூங்கோதை நினைத்துப் பார்த்தாள். தெரியும்தான். குன்று தலைகீழாகத் தெரியும். அலை அடித்தால் கலையும், அடங்கினால் சேரும். அதன் உச்சியில், அதாவது அடியில், கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும். லேப்டாப் திரையில் ஏதோ கறை என்று நினைத்து ஒரு நாள் துடைத்துக்கூட இருக்கிறாள். இந்த வாரம் முழுக்கத் தண்ணீரில் வெள்ளைதான் இருந்தது. அவள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன குறைகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடுப்புப் பிடித்துக் காய்த்த கைகள்.

"போடுங்க அம்மிணி" என்றார். "நனையாட்டிப் போகுது."

தண்ணீரை லோவில் வைத்தாள். ஏரி நீலமானது. நீலம் மட்டும்.

அப்படியும் போதவில்லை. தூரத்தைத் தொட்டதும் ஃபேன் உறுமியது. மிச்சமிருந்தது ரெசல்யூஷன் ஒன்றுதான். அது குறைந்தால் தனியாக எதுவும் போகாது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மங்கும்.

"எல்லாமுன்னா?" என்றார் தாமோதரன்.

"நம்ம மூஞ்சியுந்தாங்க."

பூங்கோதை நாற்காலியை இழுத்துப் போட்டு, கடையில் உட்காருவதுபோல் அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு படி குறைத்தாள்.

"இப்பத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"இப்ப?"

"ம்."

"இப்ப?"

செம்பாயியின் முகம் சின்னச் சின்னக் கட்டங்களானது. மூக்கும் கன்னமும் சேர்ந்துகொண்டன. நாச்சிமுத்துவுக்கு மீசை எது, வாய் எது என்று சொல்ல முடியவில்லை. பெயரில்லாதவர் மட்டும் முன்பு இருந்தமாதிரியே இருந்தார். அவரை ஆரம்பத்திலேயே அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கவில்லை.

பூங்கோதை தூரத்தை மெல்லத் தள்ளினாள். ஹை வரைக்கும் போனது. ஃபேன் தூங்குகிறவர் மூச்சு விடுவதுபோல் ஓடியது. ஹால் நீண்டது. திரையில் வெள்ளை விலகி, குன்று வந்து நின்றது. அதன் மேல் கோபுரம். கோபுரத்தில் பழுப்பாக இரண்டு கட்டம், அதற்கு மேல் கறுப்பாக ஒரு கட்டம்.

"அவந்தான்னு எப்படிங்க சொல்றது?" என்றார் நாச்சிமுத்து.

செம்பாயி திரைக்குக் கிட்டே போய்க் குனிந்தாள். கறுப்புக் கட்டம் நேராக இல்லை. கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது.

"அவந்தான்" என்றாள். "நேரா நிக்க மாட்டான். எதும்மேலயாச்சும் சாஞ்சுட்டுத்தான் நிப்பான். சோம்பேறி."

கண்கள் இருக்க வேண்டிய இடத்தை அவள் பச்சை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் அவர்களுக்கு வேலை இல்லை. வாசல் தூரமாகிவிட்டதால் அவர்களை வழியனுப்ப நேரமானது. பூங்கோதை கூடவே நடந்தாள். வாசலில் செம்பாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. ஆனால் சூடாக இருந்தது.

திரும்பி வந்தபோது தாமோதரன் ஹாலில் இல்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குக் கிளம்பியிருந்தார். சமையலறை இப்போது ஈரோட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்க் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், கால் மணி நேர நடையில் இருந்தது. மத்தியானம் போனில் கூப்பிட்டார்.

"சோறு ஆயிருச்சு. எங்க சாப்பிடறது?"

"நீங்க அங்கிருந்து வாங்க. நான் இங்கிருந்து வர்றேன்."

அவள் இரண்டு தட்டுகளையும் தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். வெகுநேரம் எதிரில் யாருமில்லை. பிறகு ஒரு சின்னக் கட்டம் தெரிந்தது. அது பாத்திரத்தின் சூடு பொறுக்காமல் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தது. இருவரும் சந்தித்த இடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் சுவரும் கூரையும் தவிர எதுவும் இல்லை.

"கொழம்புல உப்பு?"

"சரியா இருக்குங்க."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள்.

"அந்தத் தண்ணி விஷயம் எனக்குத் தெரியாது" என்றார்.

"நான் சொன்னதில்லைங்க."

அவர் முகத்தில் இரண்டு மூன்று கட்டங்கள் இடம் மாறின. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். தெரிந்துகொண்டதாக நினைத்தாவது இருந்திருக்கிறாள். இப்போது கேட்டால்தான் உண்டு.

"சிரிக்கறீங்களா?" என்றாள்.

"இல்ல" என்றார் தாமோதரன். "குன்றே இல்லாதப்ப அந்தப் பையன் ஒரு வாரமா எதும்மேல சாஞ்சு நின்னிருப்பான்னு யோசிச்சிட்டு இருக்கறேன்."

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவளும் யோசிக்க ஆரம்பித்தாள்.