மூட்டையின் நடுவில்

கிடங்கில் அவளுக்கு மூக்கம்மா என்றுதான் பெயர். நட்சத்திர வடிவில் காய்க்கும் நட்சத்திரக்கொடியின் விதைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒன்றை ஓடுடைத்து, பருப்பை உள்ளங்கையில் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் போதும், சரக்கு செக்குக்கா குப்பைக்கா என்று சொல்லிவிடுவாள். எண்ணெய்ப் பசை மிகுந்த பருப்பு. நல்லதென்றால் பச்சைப் பட்டாணி வாசம். கெட்டுவிட்டால் அப்படியொரு கண்றாவி வேறெங்கும் கிடையாது.

இன்று இறங்கியவை அவள் புருஷனின் மூட்டைகள். இரண்டு வருஷம் கொடியைப் பந்தலேற்றிக் கண்ட முதல் விளைச்சல். இது குப்பைக்கென்று ஒதுக்கப்பட்டால் கிடங்கு இனி அவர் சரக்கைத் தொடாது. கொடியை வெட்டிப்போட வேண்டியதுதான். அவர் கிடங்கு மேஸ்திரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சிரிப்பு கொஞ்சம் அதிகம்.

வழக்கம்போல அடித்தையலைப் பிரித்து ஒரு விதை எடுத்தாள். அருமையான வாசம். மேலேயும் எடுத்தாள். அதுவும் அருமை.

அடியும் மேலும் ஒரே மாதிரியா? எப்பேர்ப்பட்ட மூட்டையிலும் அடியில் தரையீரம் கொஞ்சமாவது ஏறியிருக்கும். நடுவில் முழங்கைவரை கையை விட்டாள். பிசுபிசுத்தது. வெளியே வந்த விதைகள் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கின. ஒன்றை உடைத்தாள். உள்ளே சாம்பல் பூஞ்சை, பூனை மயிர்போல. நாற்றம் தொண்டைவரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. காய் கொடியிலேயே கறுத்துக் காயுமுன் பறித்து, பிளாஸ்டிக் சாக்கில் திணித்து, புழுங்கிப்போனதும் கழுவிப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்திருக்கிறார்.

அவசரக்குடுக்கை, அது தெரிந்த கதைதான். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால், "எல்லாரும் மேல நல்லதப் போடுவாங்க, அதான் நான் அடியிலயும் எடுப்பேன்" என்று பாயில் படுத்துக்கொண்டு அவள் பீற்றிக்கொண்டது இவரிடம் மட்டும்தான். தலையை வருடிக்கொண்டே கேட்டாரே! அந்த விரல்கள்தான் அடியிலும் நல்லதைப் போட்டு, கெட்டதை நடுவில் ஒளித்திருக்கின்றன.

"என்னம்மா, சரின்னு எழுதிடவா?" என்றார் மேஸ்திரி.

அவள் வாய் திறக்குமுன் புருஷன் பக்கத்தில் வந்து நின்றார். "ஒரே ஒரு தடவ. நம்ம கொடி. கண்டுக்காத" என்றார், உதடு அசையாமல்.

"சின்னப் புள்ளைங்க சத்துமாவுல கலக்குற எண்ணெய் இது. தெரியும்ல?"

"தெரியாத புள்ளைங்களுக்காக நம்ம வயித்துல அடிச்சுக்கணுமா?"

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். இந்த மனுஷனுக்கா பத்து வருஷம் சோறு பிசைந்து போட்டோம் என்றிருந்தது. உடைத்த பருப்பை அவர் முன்னால் நீட்டினாள்.

"வாயில போடுங்க. நல்லாருந்தா நானே சரின்னு சொல்றேன்." மேஸ்திரிக்கும் கேட்கும்படி சொன்னாள்.

புருஷன் வாங்கிப் போட்டுக்கொண்டார். மென்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றார், கடைவாயில் ஒதுக்கியபடி.

"முழுங்குங்க."

மேஸ்திரி பேனாவைக் கீழே இறக்கினார். கன்னம் புடைத்து, கண்ணில் நீர் கட்டி புருஷன் நின்றார். தொண்டை அசையவில்லை. வாயோரமாக மஞ்சள் எச்சில் கசிந்து, தாடை நுனியில் வந்து தொங்கியது.