மாப்பிள்ளை கைக்கு வராத பந்து

ஆவணியில் தினேஷுக்குத் திருமணம் நடந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் நாகலூர் கைப்பந்து அணி அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் தோற்றது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் வென்ற அணியினர். அவர்கள் அதைச் சொன்ன விதம் அச்சிடத் தகுந்ததன்று.

தினேஷ் நாகலூருக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஜீப் ஓட்டுபவன். அணியில் அவன்தான் பூஸ்டர். எதிரணி அனுப்பும் பந்தைப் பின்வரிசையார் தாங்கி அவனிடம் சேர்ப்பிக்க வேண்டும். அவன் அதை வலையோரம் அளவாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். வேறொருவன் எழும்பி அடிக்க வேண்டும். பின்வரிசையின் இரு தூண்களான மாதேஸ்வரனும் கமலக்கண்ணனும் உடன்பிறந்தவர்கள், காப்பித் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுடைய ஒரே தங்கையான சுதாராணியைத்தான் தினேஷ் மணந்திருந்தான்.

இரண்டாம் தோல்விக்குப் பிறகு சையத் இப்ராஹிமின் தேநீர்க் கடையில் விசாரணை நடந்தது. பந்தும் வலையும் அவர் கடையில் இருந்தபடியால் அவரே அணியின் மேலாளர். அதற்கு மேல் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

"பந்தா பாய் அது?" என்றான் தினேஷ். "நான் வலைகிட்ட நிக்கறேன். பந்து காப்பிச் செடிக்குள்ள போவுது. ஜீப்ப எடுத்துட்டுப் போயா தூக்கறது?"

கமலக்கண்ணன் தன் தங்கையின் கணவனை நேராகப் பார்க்காமல், கண்ணாடிப் பெட்டியிலிருந்த பன்னைப் பார்த்துப் பேசினான். "மாப்ளைய ஒண்ணும் சொல்லலீங்க பாய். ஒரு எட்டு நவுந்திருந்தா எடுத்திருக்கலாமுங்க. நட்டு வெச்ச கல்லாட்டம் நின்னாருங்க. மத்தபடி ஒண்ணும் சொல்லலீங்க."

"இதுக்கு மேல சொல்றதுக்கு என்னடா இருக்குது?" என்றார் சையத் இப்ராஹிம்.

அவர் தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் செம்மநத்தம் அணியுடன் ஆட்டம். அதிலும் தோற்றால் கோப்பைக்கான வாய்ப்பு போய்விடும். ஆகவே, முதல் செட்டில் ஆட்டம் உருப்படவில்லையென்றால் தினேஷை வெளியேற்றிவிட்டுத் தம் மகன் இர்பானை இறக்குவார்.

தினேஷ் எழுந்துவிட்டான். "என்ன எறக்குனா, தப்பு என்னுதுன்னு மைக்குல சொன்ன மாதிரி. அப்பறம் மாமனார் ஊட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன். தலைதீவாளியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

இச்செய்தி அவன் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே சுதாராணியை அடைந்தது. தலைதீபாவளிக்குக் கணவனோடு பிறந்த வீட்டுக்குப் போகாத பெண்ணைப் பற்றி நாகலூரில் என்னென்ன பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பிறரைப் பற்றி அவளே பேசியிருக்கிறாள். அண்ணன்மாரிடம் போனாள். மாப்பிள்ளை நகரவில்லை என்றார்கள். கணவனிடம் கேட்டாள். மச்சான்மார் பந்தைக் கொடுக்கவில்லை என்றான். இரு தரப்பும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவளே ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பினாள். தந்தை வேடியப்பனும் புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உடன் வந்தார். மாப்பிள்ளை ஆடுவதை மாமனார் வந்து பார்ப்பதுதான் முறை என்பது அவர் கருத்து.

திருமணத்துக்கு முன்பு இம்மூவரும் ஆடியதைச் சுதாராணி பலமுறை பார்த்திருக்கிறாள். அது விளையாட்டைவிட அடிதடிக்கு நெருக்கமானது. பந்து நடுவில் இறங்கினால் "எட்றா டேய்!" என்று மூன்று தொண்டைகள் ஒன்றாகக் கிழியும். ஒருவன் முழங்கால் இன்னொருவன் விலாவில் இருக்கும். பந்து மட்டும் தவறாமல் மேலே போய்விடும்.

இப்போது அவள் கண்டது வேறு. செம்மநத்தத்தான் போட்ட பந்து மூவருக்கும் நடுவில் இறங்கியது. மாதேஸ்வரன் பின்வாங்கி, "மாப்ள, நீங்க எடுக்கறீங்களா, இல்லீன்னா நாங்க..." என்று தொடங்கினான். வாக்கியம் முடிவதற்குள் பந்து தரையில் இருந்தது. அடுத்த பந்துக்குக் கமலக்கண்ணன் பாய்ந்தான். தன் கால் மாப்பிள்ளைமேல் பட்டுவிடும் என்று தோன்றியதும் அந்தரத்திலேயே உடம்பை முறுக்கிக்கொண்டு குப்புற விழுந்தான். தினேஷோ, ஆரத்தித் தட்டு வரட்டும் என்று பந்தல் வாசலில் நிற்கும் தோரணையில், இரண்டு கைகளையும் ஏந்தி நின்றான். இரண்டடி தள்ளி விழுந்த பந்தை, பரிமாறத் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

முதல் செட் போயிற்று. இர்பான் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கத் தொடங்கினான்.

சுதாராணி கோட்டருகே வந்தாள். "ஏண்ணா, பந்து வெளையாட வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? முந்தியெல்லாம் இவர என்னன்னு கூப்புடுவீங்க?"

"முந்தி இவரு மாப்ள இல்லையே கண்ணு," என்றான் மாதேஸ்வரன். "முந்தி வெறும் நாயி."

"அப்ப அப்படியே கூப்புடுங்க."

"அப்பா அங்க உக்காந்திருக்கறாரு. தோல உரிச்சுப்போடுவாரு."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்களும் கேட்டுக்கங்க. கோட்டுக்குள்ள நீங்க மாப்ள இல்லீங்க. வெளிய வந்தப்பறம் உங்க முறுக்க எடுத்து மாட்டிக்கங்க."

"நானா முறுக்கறேன்?"

"பின்ன? பந்து வந்து கும்புட்டாத்தான் தொடுவேன்னு நிக்கறீங்க!"

சையத் இப்ராஹிம் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகு, "பாதி செட்டு தர்றேன். அதுக்குள்ள திருந்தலீன்னா இர்பான்தான்," என்றார்.

மரியாதை என்பது போட்ட வேகத்தில் கழற்றக்கூடிய உடுப்பன்று. அண்ணன்மார் வாயைத் திறந்தார்கள், காற்றுதான் வந்தது. இன்னும் சில பந்துகள் வீணாயின. இர்பான் எல்லைக் கோட்டுக்கே வந்துவிட்டான். அப்போது தினேஷ் பின்னால் நகர்ந்து, கமலக்கண்ணனின் கால் கட்டைவிரல்மேல் முழு உடம்பையும் வைத்து ஏறி நின்றான்.

"டேய், கால எட்றா தினேசு!"

கமலக்கண்ணன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். தினேஷ் திரும்பினான். அவன் முகத்தில் என்ன வரப்போகிறது என்று சுதாராணி எட்டிப் பார்த்தாள்.

"தள்ளி நில்றா பன்னி," என்றான் தினேஷ். ஆவணிக்குப் பிறகு அவன் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை அவள் பார்த்ததில்லை. திருமணப் புகைப்படங்களிலும் அது இல்லை.

அதன் பின் ஆட்டம் மாறியது. மூவரும் பரிமாறிக்கொண்ட சொற்கள் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தின. எழுவாய், பயனிலை, வசவு எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. முழங்கால்கள் விலாக்களைக் கண்டுகொண்டன. பந்து தினேஷின் கைக்கு வந்தது. வராதபோது அவன் சேற்றில் விழுந்து அதைத் தேடிப் போனான். இரண்டாம் செட் நாகலூருக்கு. இர்பான் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

வேடியப்பன் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "பன்னி" வந்தபோது பொறுத்தார். மாப்பிள்ளையின் கண்களைப் பற்றியும், அவன் ஓட்டும் ஜீப்பைப் பற்றியும் மாதேஸ்வரன் சொன்னவற்றையும் பொறுத்தார். சுதாராணி, "வெளையாட்டுக்குத்தானுங்கப்பா," என்று அவ்வப்போது அவரை உட்கார வைத்தாள்.

மூன்றாம் செட்டில் இரு அணிகளும் கடைசி வரை ஒட்டியே வந்தன. ஒரு புள்ளி விட்டால் தோல்வி என்ற நிலையில், செம்மநத்தத்தான் அடித்த பந்தை மாதேஸ்வரன் விழுந்து தாங்கினான். அது கோணலாக எழும்பியது.

"ஓட்றா நாயே!"

தினேஷ் ஓடினான், வழுக்கினான், விழுந்தபடியே பந்தைத் தூக்கினான். பந்து வலைக்கு மேலே போய், அடியுங்கள் என்று சொல்வதுபோல் நின்றது. அப்படியொரு பந்தை அவன் தன் வாழ்நாளில் தூக்கியதில்லை. கமலக்கண்ணன் அடிக்கப் பாய்ந்தான். அவன் எழும்ப வேண்டிய இடத்தில் அவனுடைய தந்தை நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ளைய நாயிங்கறயாடா?" என்று மாதேஸ்வரனின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார் வேடியப்பன். "பொண்ணு குடுத்திருக்கறன்டா!"

பந்து இறங்கி அவர் தலையில் பட்டு வெளியே போயிற்று. நடுவர் விசில் ஊதினார். வென்ற செம்மநத்தத்தார் குதித்துக் கூத்தாடத் தொடங்கினார்கள்.

சேற்றிலிருந்து எழுந்த தினேஷ் மாமனாரின் முன்னால் வந்து நின்றான். "மாமா, உங்கள யாருங்க உள்ள வரச் சொன்னது?"

"உங்க மரியாதைக்காவத்தானுங்க மாப்ள..."

"என்ன மரியாதைங்க? நாயின்னா பந்து வருதுங்க! மாப்ளன்னா வரலீங்க!"

"ரெண்டு மாசமாக் கட்டிக் காத்ததுங்கப்பா," என்றான் மாதேஸ்வரன், முதுகைத் தடவிக்கொண்டு. "ஒரு நொடியில கெடுத்துப்போட்டீங்க." எதைக் கட்டிக் காத்தான் என்பதை அவன் விளக்கவில்லை; அவன் பக்கம் நின்ற தினேஷும் கேட்கவில்லை.

சையத் இப்ராஹிம் கையை உயர்த்தினார். "பூஸ்டர் மேல தப்பு இல்ல. பின்னாடி நின்னவங்க மேலயும் தப்பு இல்ல. பொண்ணக் குடுத்தாரு பாரு, அவரு மேலதான்." அணி முழுவதும், இர்பான் உட்பட, இதனை ஏற்றுக்கொண்டது.

திரும்பும்போது தினேஷ் ஜீப்பை ஓட்ட, மச்சான்மார் இருவரும் முன்னிருக்கையில் அவனை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தோற்ற ஆட்டத்தை அவர்கள் முதலிலிருந்து மறுபடி ஆடினார்கள். அதில் ஒவ்வொரு பந்தையும் வேடியப்பன்தான் கெடுத்தார். பின்னிருக்கையில், பஜாரிலிருந்து ஏறிய இரண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அவர் மகளோடு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு," என்றார் பாதி வழியில், தாழ்ந்த குரலில். "மாப்ள தீவாளிக்கு வர்றாரா, இல்லையா?"

சுதாராணி குரலை உயர்த்தினாள். "ஏனுங்க, எங்க அப்பா கேக்கறாரு, தீவாளிக்கு வருவீங்களான்னு."

"வராம?" என்றான் தினேஷ், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவனுங்க ரெண்டு பேரும் கறி முழுசயும் தின்னுபோடுவானுங்க."

"நீ மட்டும் கொறச்சலாடா, நாயே?" என்றான் கமலக்கண்ணன்.

வேடியப்பனின் வலக்கை உயர்ந்தது. சுதாராணி அதைப் பிடித்துத் தன் மடியில் அமுக்கி வைத்துக்கொண்டாள். நாகலூர் வரும் வரை விடவில்லை.