சாலையோரப் பாத்தி

அம்ரீக் சிங்கின் நிலத்தில் சாலையோரப் பாத்தியைத்தான் வேளாண் துறை நவ்ரீத் மேடம் சோதனைக்குக் கேட்டிருந்தார். மற்ற இடங்களில் வழக்கம்போல டிஏபி உரம் போடலாம். அந்தப் பாத்தியில் மட்டும் நெல்லுக்கும் சரி, கோதுமைக்கும் சரி, டிஏபியில் இருக்கிற மணிச்சத்தே கூடாது. மண் எத்தனை போகம் தாங்கும் என்று பார்க்க வேண்டுமாம்.

முதல் வருஷமே கோதுமை அங்கே தூர் கட்டாமல் குட்டையாக நின்றது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காரைச் சரியாக அங்கேதான் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா இறங்கிப் பார்த்துவிட்டு, "என்ன சர்தார்ஜி, பயிருக்குச் சோறே போடமாட்டீங்களா?" என்று சிரித்தார். சம்பந்தம் கூடிவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு அம்ரீக்குக்கு ஆறவில்லை. அடுத்த விதைப்பில் அந்தப் பாத்தியிலும் டிஏபியை இறக்கிவிட்டார்.

"மேடத்துக்கு வாக்குக் குடுத்தீங்களே" என்றாள் மனைவி மிந்தோ.

"ஊரே பாக்குற இடம்டீ. மேடமா வந்து இங்க குடியிருக்கப் போறாங்க?"

அறுவடைக்கு முன் அந்தப் பாத்தியை ஊருக்குக் காட்ட வயல் விழா நடந்தது. "இந்த வருஷம் உரம் போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசமே தெரியல. போன வருஷம் குட்டையானதுக்கு வேற காரணம் இருக்கணும். பழைய உரம் மண்ணுல நிறையத் தங்கியிருக்கு. ஒரு வருஷம் விட்டாலும் நஷ்டம் வராதுபோல" என்றார் நவ்ரீத் மேடம். எல்லோரும் கைதட்டினார்கள். அம்ரீக்கின் தோளில் சால்வை போர்த்தினார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம்.

கார்த்திகையில் டிஏபிக்குத் தட்டுப்பாடு. பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற ஜக்தார் வந்தான்.

"அண்ணே, இந்தத் தடவை நான் லைன்ல நிக்கப்போறதில்ல. உங்க பாத்தியத்தான் பாத்தாச்சே!"

"கொஞ்சமாவது போடுடா."

"நீங்க போடாமலே சால்வை வாங்கலையா?"

அம்ரீக் அவனோடு சேர்ந்து சிரித்துவைத்தார்.

தை மாதப் பனி விலகியபோது ஜக்தாரின் கோதுமை முழங்காலுக்குக்கூட வரவில்லை. நவ்ரீத் மேடம் வந்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். "லேட்டா விதைச்சீங்களா? தண்ணி தேங்குச்சா?"

ஜக்தார் தலையைக் குனிந்துகொண்டான். "என் தப்புதான் மேடம். எனக்கு விவசாயம் வரல."

அதைக் கேட்டுக்கொண்டு அம்ரீக்கால் நிற்க முடியவில்லை. "அவன் தப்பு இல்லம்மா. அந்தப் பாத்தியில நான் டிஏபி போட்டேன்."

மேடம் கத்தவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பாத்திக் கணக்கை நாலு ஊர்ல சொல்லிட்டேனே, சர்தார்ஜி."

ஜக்தார் அம்ரீக் பக்கம் திரும்பினான். "நான் உங்ககிட்ட வந்து கேட்டேனேண்ணே. சிரிச்சீங்களே."

இப்போது உரம் போட்டும் பயனில்லை. பயிருக்கு வயது தாண்டிவிட்டது. வைசாகி அறுவடைத் திருவிழா கழிந்து, தன் விளைச்சலில் ஒரு பங்கை அம்ரீக் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார். ஜக்தார் வாசலுக்கு வரவில்லை. அவன் மனைவி இறக்கிவைத்துக்கொண்டாள்.

அடுத்த விதைப்புக்கு முன் மேடத்தின் ஜீப்பிலேயே அம்ரீக் அந்த நாலு ஊருக்கும் போனார். "அந்தக் கணக்கு பொய். பொய்யாக்கினது நான்" என்று ஒவ்வொரு ஊரிலும் எழுந்து நின்று சொன்னார். மூன்று ஊர்களில் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அது ஒருவகையில் தேவலாம்போல இருந்தது. கடைசி ஊரில் யாரும் திட்டவில்லை. கட்டிலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சர்தார்ஜி" என்று டீ கொடுத்தார்கள். அந்த டீயைத்தான் அவரால் குடிக்கவே முடியவில்லை.