கற்காரை பூசிய குழிப்பறை

செவ்வண்டல் சுமந்து செல்லும் பேராறு, பகலெல்லாம் கரைத்த குழம்பாய் நடந்த களைப்புத் தீர, மாலை மங்கியதும் தன்மேல் ஒரு வெள்ளித் தகட்டைப் போர்த்துக்கொண்டு, யென்பாய் ஊரின் வாழைத் தோட்டங்களைச் சுற்றி வளைந்து, போவதா நிற்பதா என்று எண்ணுவது போல் தயங்கித் தயங்கி ஒழுகிக்கொண்டிருந்த கூதிர்காலத்து முழுநிலா நாள் அது. கிழக்கே செங்கற் சூளைகளின் புகைக்கு மேலே எழுந்த நிலவு, முதலில் முற்றிய பம்பளிமாசுப் பழம் போல் பருத்தும் பழுப்பேறியும் தோன்றி, ஏற ஏற உடல் மெலிந்து நிறம் வெளுத்து, ஊர் மன்றத்துக் கூரையின் வளைந்த நுனியில் சற்றே அமர்ந்து இளைப்பாறியது. ஐம்முனை விண்மீன் விளக்குகளும், செதில்தோறும் செந்தாள் ஒட்டிய கெண்டை விளக்குகளும் ஏந்திய சிறார் தெருவெங்கும் மொய்க்க, அரிமா ஆட்டக்காரரின் முரசு தொலைவில் உறும, மன்றத்து முற்றத்தில் விரித்த கோரைப் பாயின்மேல் படையல் வீற்றிருந்தது: சிவந்து கனிந்த சீமைப் பனிச்சைப் பழங்களும், தாமரை இலையில் பொதிந்த பசிய இளநெல் அவலும், சுட்டவை ஒருபுறமும் வெண்மாவில் பிசைந்தவை மறுபுறமுமாய் நிலவுப் பணியாரங்களும், இவற்றுக்கெல்லாம் தலைவன் போல் நடுவே, பம்பளிமாசுச் சுளைகளை உரித்து மயிர் சிலிர்க்கச் செய்து காராமணிக் கண் பதித்த வெள்ளை நாய்க்குட்டி உரு ஒன்றும். நிலவு உச்சியை எட்டும்வரை அப்படையலைத் தொடலாகாது. எட்டியபின் தொடாதிருத்தலும் ஆகாது.

கற்றறிந்த நல்லீர், இத்துணை அழகையும் ஒரே மூச்சில் கெடுக்கவல்ல ஒன்று அவ்வூரில் இருந்தது. அது குவாத்தின் குரல்.

ஊராட்சி அலுவலகத்துக் கம்பத்தின் உச்சியில் கட்டிய ஒலிபெருக்கியின் வழியே, கோழியும் கூவ அஞ்சும் விடியற்பொழுதில், பன்றிக் காய்ச்சல் ஊசி முதல் வாய்க்கால் தூர்வாரல் வரை அனைத்தையும் அறிவித்து, ஊரைத் துயிலெழுப்பியே தன் ஆயுளில் பாதியைக் கழித்தவர் அவர். பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். குரல் ஓய்வு பெறவில்லை. கடையில் உப்பு வாங்கினாலும் முன்னுரை, பொருளுரை, நன்றியுரை என மூன்றும் பகர்ந்தே வாங்குவார். மனைவி மறைந்து ஆண்டுகள் பல கழிந்தபின், கேட்க ஆளில்லாத வீட்டில், கொதிக்கும் கெண்டியைக்கூட 'ஊர்மக்களின் கனிவான கவனத்திற்கு' என்று விளித்தே இறக்கி வைத்ததாகப் பக்கத்து வீட்டார் சொல்வர். ஊரார் அவர் பெயரை மறந்து 'ஸ்பீக்கர் ஐயா' என்றழைத்ததை அவர் புகழ்ச்சியாகவே கொண்டார். புகழ்ச்சியல்லாத ஒன்றைத் தம்மைப் பற்றி எவரும் சொல்லக்கூடும் என்பது அவருடைய அறிவுக்கு எட்டாத சேய்மையில் இருந்தது.

எனினும் அக்குரலுக்குள் ஒரு நெஞ்சும் இருந்தது. அந்நெஞ்சு, ஆற்றங்கரையில் வாத்து வளர்க்கும் லுவாவிடம் சென்று தங்கியிருந்தது. கணவனை இழந்து தனியே மகளை வளர்த்து ஆளாக்கிய அப்பெண், சென்ற மழைக்காலத்தில் குவாத் காய்ச்சலில் கிடந்தபோது, யாதொன்றும் சொல்லாமல் ஒரு பானை வாத்துக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அவர் எழுந்தமர்ந்து ஆற்றிய நன்றியுரை முடியுமுன் கஞ்சி ஆறிப்போயிற்று. அவள் அதை மறுபடி சுடவைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று முதல் அவர் ஒரு சொல் சொல்ல வாய் திறப்பதும், அச்சொல்லுக்கு முன் நூறு சொற்கள் முந்திக்கொண்டு வருவதும், அவள் வாத்துகளுக்கு நேரமாயிற்று என்று எழுந்து செல்வதுமாகவே காலம் கழிந்தது. இப்போதோ ஹைபோங் நகரில் வாழும் மகள் அவளைத் தன்னோடு வந்துவிடும்படி அழைத்திருந்தாள்; நிலாவிழாவின் மறுநாட் காலைப் பேருந்துக்கு மூட்டை கட்டியாயிற்று. கேட்பதாயின் இன்றே கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழியும் இருந்தது. தரையில் ஒரு குழி தோண்டி, அதன்மேல் பலகை மூடி, இருபுறமும் முளையடித்து, குழிக்கு மேலே ஒரு பிரம்பை இழுத்துக் கட்டி, நடுவே முட்டுக்கொடுத்து, அப்பிரம்பைக் கோலால் தட்டினால் மண்ணின் வயிற்றிலிருந்து ஓர் ஒலி எழும். அக்குழிப்பறையின் ஒரு தலைப்பில் ஆடவரும் மறுதலைப்பில் பெண்டிரும் அமர்ந்து, ஒருவர் வினவ ஒருவர் விடையளிக்கப் பாடுவது நிலாவிழாவின் வழக்கம். மும்முறை பறை ஒலித்தும் விடை வாராத பக்கம் தோற்றதாகும். வேலிக்கு மேலே கேட்க நாணுவதைப் பிரம்புக்கு மேலே கேட்டுவிடலாம். அவ்வூர்த் திருமணங்களில் பாதி அக்குழியிலிருந்து முளைத்தவையே. லுவாவோ, இதுகாறும் விடையின்றி விழித்தறியாதவள்.

இந்நிலையில், அவ்வாண்டு விழாக்குழுவின் தலைமை குவாத்தின் கைக்கு வந்ததுதான் கேடாயிற்று. தம் வாழ்வின் தலையாய வினாவை வெறும் மண்குழியின் விளிம்பிலிருந்து கேட்பதா என்று அவர் உள்ளம் கூசியது. ஆண்டுதோறும் தோண்டுவதும் தூர்ப்பதும் எலிக்குத் தகும், ஊருக்குத் தகாது என்று அறிவித்து, குழியைச் செங்கல்லால் கட்டி, உட்புறம் முழுவதும் கற்காரை பூசி, விளிம்பில் நீல ஓடு பதித்து, தம் பெயர் பொறித்த பளிங்குப் பலகை ஒன்றையும் குழியின் அடித்தரையில் பதிப்பித்தார். திறப்புவிழாவுக்கு முன் எவரும் காணலாகாது என்று அதன்மேல் செந்துணி போர்த்திவைத்தமையால், அதைத் தட்டிப் பார்க்கும் எண்ணம் எவர்க்கும் எழவில்லை.

விழா இரவில் வெண்ணிற மேலாடை உடுத்துக் குவாத் முன்வந்து துணியை விலக்கினார். சிரிக்கும் பெருமுகமூடியும் கையில் விசிறியுமாய் அரிமாவை அழைத்துவரும் நிலத்தெய்வ வேடம் புனைந்திருந்தவன், அவருடைய பால்ய நண்பனும் பன்றியிறைச்சி விற்பவனுமாகிய துவான்; அவ்வேடத்துக்கு வேண்டும் தொந்தி அவனுக்கு இயற்கையிலேயே வாய்த்திருந்தது. அவன் குனிந்து குழியை உற்றுநோக்கினான்.

"யோவ் குவாத்து, இது என்னய்யா, மீன் தொட்டியா?"

"இது நிலையான, தரமான, தலைமுறை தலைமுறைக்கான குழிப்பறை."

"தலைமுறைக்குச் சரி. கெண்டை எப்ப விடப்போற?"

பெண்டிர் பக்கம் சிரிப்பு அலையாய் எழுந்து அடங்கியது. குவாத் அதைப் பொருட்படுத்தாமல், பலகையை மூடச்செய்து, பிரம்பை முறுக்கேற்றி, கோலை உயர்த்தி, ஊரே மூச்சடக்கி நோக்க, தட்டினார்.

டொக்.

மீண்டும் தட்டினார். பல்லற்றவர் பாக்கைக் கடித்தது போல், அதே டொக். மண் வாய்திறவாத இடத்தில் தம் குரல் திறக்கும் என்னும் துணிவோடு, பல நாள் உருப்போட்டதை அவர் பாடினார்:

வெண்பொன் திகிரி விசும்பேறும் வேளையிலே
தண்பனித் தேவி தரையிறங்கி வாராளோ?

லுவா கோலை வாங்கி, ஒருமுறை டொக்கென்று தட்டிவிட்டு, உதட்டோரம் நெளிந்த நகையோடு விடை பாடினாள்:

தேவி வருவதற்குத் தேர்பூட்டப் போய்விட்டாள்;
வாத்துமேய்ப் பாளொருத்தி வாவென்றால் ஆகாதோ?

முற்றத்திலிருந்த ஆடுகூட அதன் பொருளை உணர்ந்திருக்கும். குவாத் உணரவில்லை. எதுகை சற்றே நழுவியதாக எண்ணி அதைத் திருத்த வாய் திறந்தார். அதற்குள் லுவாவின் நாத்தியும் பெண்டிர் பக்கத்துத் தலைவியுமாகிய ஞாய் எழுந்து நின்றாள்.

"நிறுத்துங்க ஸ்பீக்கர் ஐயா. பறை பேசாத பாட்டு கணக்குல வராது. உங்க பக்கந்தான் பறை வைக்கணும். வைக்கலன்னா ஆட்டம் முடிஞ்சுது."

"முடிஞ்சா நாய்க்குட்டியைத் தின்னலாமா?" என்றாள் கெண்டை விளக்கேந்திய சிறுமி ஒருத்தி.

"இரு கண்ணு, நிலா இன்னும் ஏறணும்."

"கதையில நிலாவுல ஆலமரத்தடியில இருக்காரே, அந்தக் குவோய் தாத்தாவே தூங்கிட்டாரு. பசிக்குது."

லுவாவுக்கோ விடிந்தால் பேருந்து.  அவள் எழுந்து, பாயோரம் கழற்றிவைத்த காலணியில் ஒரு பாதத்தை நுழைத்தாள். குவாத்தின் கண்கள் அப்பாதத்தின்மேல் நின்றன. மற்றொரு பாதமும் நுழைந்துவிட்டால் அது ஆற்றங்கரைக்குச் செல்லும். அங்கிருந்து பேருந்துக்குச் செல்லும். அதன்பின் மழைக்காலத்தில் பானை எதுவும் வாராது. வாழ்வில் முதன்முறையாக, அறிவிப்பு ஏதுமின்றி அவர் ஒரு செயலைச் செய்தார். வாழைத் தோட்டத்தோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துவந்து, நீல ஓட்டு விளிம்புக்கு அப்பால், ஈரமண்ணில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார்.

இளைஞர் சிலர் உதவிக்கு ஓடிவந்தனர். அவர் தலையசைத்து மறுத்தார். வெண்ணிற மேலாடையில் முதலில் ஒரு சேற்றுப்புள்ளி விழுந்தது. பிறகு எது புள்ளி, எது ஆடை என்று பிரித்தறிய இயலாதாயிற்று. விளக்கேந்திய சிறார் சுற்றிலும் வளைந்து நின்று ஒளிகாட்ட, நிலத்தெய்வமாகிய துவான் அருகே குந்தி, அவர் நெற்றி வியர்வைக்குத் தன் பனையோலை விசிறியால் விசிறினான்.

"சொல்லேன்யா ஒரு வார்த்தை. நீ பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

குவாத் இன்னொரு வெட்டு வெட்டினார். மூச்சு அனைத்தும் மண்ணுக்கே செலவாகிக்கொண்டிருந்தது.

ஒரு கால் காலணியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்ற லுவா, குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு யாரையும் நோக்காமல், காற்றிடம் சொல்வது போல் சொன்னாள்:

"இன்னும் ஆழம் போகணும். அடியில அகலமா, வாய் குறுகலா. ஓரத்தை இடிச்சுடாதீங்க."

ஞாய் திரும்பிப் பார்த்தாள். "ஏன் அண்ணி, நீங்க எந்தப் பக்கம்?"

"குழி சரியா இல்லன்னா யாருக்கும் பாட வராது. அதுக்குச் சொன்னேன்."

"ஓகோ. குழிக்குச் சொன்னீங்க."

குழி ஆயிற்று. பலகை மூடி, முளை மாற்றி, பிரம்பு இழுத்துக் கட்டி, சேறு படிந்த கையால் கோலைப் பற்றி அவர் தட்டியபோது, மண்ணின் அடிவயிற்றிலிருந்து, நெடுநாள் ஊமையாயிருந்த ஒருவர் தொண்டையைச் செருமுவது போல் 'தும்' என்று எழுந்த ஒலி, பாயில் அமர்ந்தோரின் கால்வழியே ஏறி நெஞ்சில் அமர்ந்தது. சிறார் சிரித்தனர். நிலவோ உச்சிக்கு மிக அணித்தாய் வந்துவிட்டது.

பாட வேண்டும். வெண்பொன் திகிரியைப் பற்றியும், விண்ணுலகத்து நறுமண மரத்தைப் பற்றியும் அவர் அடுக்கி வைத்திருந்த வரிகள் அனைத்தும் நினைவில் இருந்தன. ஆயின் அவற்றுள் ஒன்றையேனும் முடிக்கும் அளவுக்கு மூச்சு இல்லை. எஞ்சிய மூச்சின் நீளம் எவ்வளவோ, அவ்வளவே பாட்டாயிற்று:

நாளும் ஒருகிண்ணம் கழுவிக் கவிழ்க்கின்றேன்;
நாளை இரண்டு கழுவத் தருவாயா?

எவரும் சிரிக்கவில்லை. துவான் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மறுபுறத்தை நோக்கினான். கோல் பெண்டிரிடம் சென்றது. ஞாய் அதை லுவாவின் கையில் திணித்தாள். தும். லுவா பிரம்பை நோக்கிக்கொண்டிருந்தாள். தும். பெண்டிர் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டனர். அவள் மூன்றாம் முறை தட்டினாள். அவ்வொலி ஓடித் தேய்ந்து ஆற்றங்கரையில் கரையும்வரை காத்திருந்து, கோலைப் பலகைமேல் மெல்லக் கிடத்தினாள்.

"வரல."

"என்னது வரல?" என்றாள் ஞாய்.

"பதில் வரல. தோத்துட்டேன்."

"உங்களுக்கா? சந்தையில முட்டைக்கு வெல பேசறப்ப ஒரு ஆளையும் வாய் தொறக்க விடாத உங்களுக்கா?"

"வரலன்னா வரலதான். என்ன இப்போ." அவள் குனிந்து, நுழைத்திருந்த ஒற்றைக் காலணியைக் கழற்றி, பழைய இடத்திலேயே இணையோடு சேர்த்து வைத்துவிட்டு, அமர்ந்தாள்.

தம் பாட்டு அத்துணைச் சிறந்ததா என்று வியந்த குவாத், மூச்சு மீண்டுவர, நெஞ்சை நிமிர்த்தி, சேற்றுக் கையை உயர்த்தி, "அன்பார்ந்த ஊர்மக்களே, கிட்டியுள்ள இவ்வரிய வெற்றியை" என்று தொடங்கினார். நிலத்தெய்வத்தின் விசிறி பறந்துவந்து அவர் வாயை மூடியது.

"சும்மா இருய்யா. அவ தோத்தா. நீ ஜெயிக்கல."

விசிறிக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களும் லுவாவை நோக்கின. அவள் படையல் தட்டைத் தன்பால் இழுத்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"மககிட்ட நான் சொல்லிக்கிறேன். வித்த வாத்து போக மிச்சம் இருக்கறது என்கூட உங்க வீட்டுக்கு வரும். ஒண்ணே ஒண்ணு. விடியக்காலையில வாத்துதான் கத்தும். வேற யாரும் கத்தக் கூடாது."

குவாத் தலையசைத்தார். அவர் பதவியில் இருந்த காலம் முழுவதிலும் ஊர் கேட்டறியாத அறிவிப்பு அது. ஆயினும் கடைசி வரிசையில் அமர்ந்தவர்க்கும் தெளிவாக எட்டியது. நிலவு உச்சியில் நின்றது. சிறார் படையல்மேல் பாய்ந்தனர். காராமணிக் கண் நாய்க்குட்டி முதலில் வாலையும், பின் செவியையும், பின் தன்னையே இழந்தது.

கற்காரைக் குழி இன்றும் அங்குதான் இருக்கிறது. அடுத்த மழையில் நீர் நிறைந்த அதில் துவான் சொன்னபடியே கெண்டைகள் விடப்பட்டு, அவை பளிங்குப் பலகையில் பொறித்த பெயரை எழுத்தெழுத்தாய்ப் பாசியோடு மேய்ந்துவருகின்றன. அதனருகே ஆண்டுதோறும் கூதிர் முழுநிலாவன்று ஒரு மண்குழி தோண்டப்படுகிறது, தோண்டுபவர் குவாத். நல்லீர், அம்மண் ஒலிப்பது தன் திண்மையால் அன்று. நடுவே இன்னொருவர் குரல் வந்து தங்குவதற்கென வெறிதே விட்ட இடத்தால். அவ்விடத்தை ஓடு பதித்தும் பெயர் பொறித்தும் தம்மாலேயே நிரப்பிக்கொள்வார்க்கு, உலகம் டொக்கென்று மட்டுமே விடை சொல்லும். குவாத்தின் வீட்டு மூங்கில் தட்டியில், கழுவிக் கவிழ்த்த இரண்டு கிண்ணங்களின் முதுகில் முழுநிலா தோறும் ஒளி வழிகிறது. விடியலில் வாத்துகள் கத்துகின்றன. வேறு எவரும் கத்துவதில்லை.