அழுங்கு அடிக்காது

கீரனூரிலிருந்து எட்டு ஐந்துக்குக் கிளம்பும் திருச்சி வண்டியில், இடது பக்கம் நாலாவது ஜன்னல் சீட்டு ஷர்லிக்கு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷமாக அங்கேயே உட்கார்ந்து உட்கார்ந்து வாங்கிய உரிமை.

திருச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒன்பதரைக்குள் உள்ளே போனால் இரவு ஏழு வரை ஓனர் சொல்வதுதான் நடக்கும். வீட்டுக்கு வந்தால் அம்மா சொல்வது. நடுவில் இந்த ஐம்பது நிமிடப் பயணம் மட்டும் அவளுடையது. அதில் அவள் 'பூதக்களம்' ஆடுவாள்.

பூதக்களம் போன் விளையாட்டு. பக்கத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மிருகம். எதிரியின் இரண்டையும் சாய்த்தால் வெற்றி. பதினைந்து நிமிடத்தில் முடியாவிட்டால் எந்தப் பக்கத்துக்கு உயிர் சதவீதம் அதிகமோ அந்தப் பக்கம்.

ஷர்லியின் மிருகம் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில். அதற்குத் தெரிந்தது இரண்டே வித்தை. 'சுருள்' என்று கட்டளை கொடுத்தால் பந்தாகச் சுருண்டு, தன்னையும் பின்னால் நிற்கும் தோழனையும் காக்கும். முட்டுகிறவனைச் செதில் குத்தும். 'மருந்து' என்றால் காயம் ஆறும். அவ்வளவுதான். அடிக்கத் தெரியாது.

அதுதான் இப்போது பிரச்சினை.

"இன்னைக்குக் காலிறுதி. முன்னாடியே சொல்லிப்புட்டேன்." இயர்போனில் வசந்தகுமாரின் குரல் கறாராக இருந்தது. கீரனூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். அணியின் கேப்டன், ஷர்லியின் ஜோடி. "இன்னைக்குத் தோத்தா அடுத்த சீசன்ல ரகுநாத்த எறக்கிருவேன். அவன்கிட்ட நெருப்புக் கரடி இருக்கு. பளார் பளார்னு அடிக்குது."

"அடிச்சு என்னண்ணே பண்ணுச்சு? போன மாசம் ரெண்டு நிமிஷத்துல செத்துச்சுல்ல?"

"செத்தாலும் நாலு பேரு பாத்தான் புள்ள. ஒன் அழுங்கப் பாத்து எல்லாரும் கொட்டாவி விடுறான்."

ரகுநாத்தை இறக்கினால் ஷர்லி வெளியே. இந்த ஐம்பது நிமிடத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

"காலங்காத்தால எட்டேகாலுக்கு எவண்ணே ஆட்டம் கேட்டது?"

"எதிரணிதான். அதுல ஒருத்தன் வேலைக்குப் போறவனாம். ஒனக்கும் அதானே வசதி? பேச்ச விடு. ஆரம்பிக்குது."

எட்டேகால்.

திரையில் எதிரணி இறங்கியது. ஒருவனிடம் இரும்புப் பன்றி. முட்டினால் மலையே ஆடும். ஆனால் ஒவ்வொரு முட்டுக்கும் பன்றிக்கும் கொஞ்சம் அடிபடும். அதனால் தெரிந்தவன் ஒரு முறை முட்டிவிட்டு ஒரு முறை ஓய்வு கொடுப்பான். இன்னொருவனிடம் நெருப்பு ஆந்தை. இரண்டு முறை நெருப்பு துப்பும். மூன்றாவது முறை மூச்சு வாங்கியே தீர வேண்டும். வசந்தகுமாரிடம் செம்புலி.

பன்றிக்காரன் விஷயம் தெரிந்தவன். முட்டினான், ஓய்ந்தான். முட்டினான், ஓய்ந்தான். ஷர்லி சுருண்டாள், மருந்து போட்டாள், மறுபடி சுருண்டாள். புலி பின்னாலிருந்து எட்டி எட்டி ஆந்தையை அறைந்தது. ஏழு நிமிடத்தில் நாலு மிருகமும் பாதி உயிருக்கு மேலேயே இருந்தன.

"கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி மெதுவா நடக்குது" என்று முணுமுணுத்தான் வசந்தகுமார்.

ஷர்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேலிக் கருவை, மூடிக் கிடந்த செங்கல் சூளை. இன்னும் ஒரு நிமிடம்தான்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்லியாக வேண்டும்.

"அண்ணே, கொஞ்சம் கேளுங்க. இப்ப நான் இருக்க மாட்டேன்."

"என்னது?"

"பஸ்ஸு கல்குவாரிப் பள்ளத்துல எறங்கப் போகுது. மூணு நிமிஷம் டவரே கெடையாது."

"ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடுவுல மூணு நிமிஷம் வாயத் தொறக்காம இருப்பியே, அது இதுக்குத்தானா?"

"ஆமாண்ணே."

"அட கிறுக்கி! நான் திட்டுனதுக்குக் கோவிச்சுக்கிட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"சொன்னா அன்னைக்கே என்னையத் தூக்கியிருப்பீங்க."

உண்மை அதுதான்.

பூதக்களத்தில் ஒரு விதி. ஆடுகிறவர் இருபது விநாடிக்குள் கட்டளை கொடுக்காவிட்டால், கடைசியாகக் கொடுத்த கட்டளையையே மிருகம் திரும்பத் திரும்பச் செய்யும். நாலு நிமிடத்துக்கு மேல் தொடர்பு அறுந்தால் களத்தை விட்டே போய்விடும். அடிக்கிற மிருகத்தை அப்படித் தனியாக விட்டால் கண்மண் தெரியாமல் பாய்ந்து செத்துப்போகும். ஷர்லி ஆரம்பத்தில் நரி வைத்து ஆடிப் பதினோரு முறை தோற்ற பிறகுதான் அழுங்கைத் தேர்ந்தெடுத்தாள். யாரும் இல்லாவிட்டாலும் அது சுருண்டுகொண்டே கிடக்கும். ஆளை விட்டுக்கொடுக்காது.

"சுருள் போட்டுட்டுப் போறேன். நீங்க அழுங்குக்குப் பின்னாடியே நில்லுங்க. ஆந்தைய மட்டும் அடிங்க. முன்னாடி மட்டும் வந்துராதீங்கண்ணே, சாமி சத்தியமா..."

சத்தம் அறுந்தது. திரையில் சின்ன வட்டம் சுழல ஆரம்பித்தது. ஷர்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு இருபத்து மூன்று தாண்டிப் பத்து விநாடி.

வண்டி பள்ளத்தில் இறங்கியது. இரண்டு பக்கமும் வெட்டிய பாறைச் சுவர்.

"ச்சே! என்னடா இது எழவு!"

பின் சீட்டில் ஒரு ஆள் போனைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். புதுச் சட்டை, கக்கத்தில் சாப்பாட்டுப் பை, அப்போதுதான் காதிலிருந்து பிடுங்கிய இயர்போன். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார், உள்ளே இழுத்தார். ஷர்லி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் திரையில் இரும்புப் பன்றி. தலையைக் குனிந்து முட்டுகிற பாவனையில் அப்படியே உறைந்து நின்றது.

ஷர்லி துப்பட்டாவை இழுத்துத் தன் போனை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, ஒங்க போன்ல டவர் இருக்கா?"

"இல்லைங்க. இந்தப் பள்ளத்துல யாருக்குமே இருக்காது."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம்ங்க."

"மூணு நிமிஷமா! தொலைஞ்சேன்." அவர் தலையில் கைவைத்தார். "நான் விராலிமலைங்க. தெனம் ஹைவேயில போறவன். அங்கிட்டு ரோடு பூரா டவர் கொழிக்கும். நேத்து இங்க மச்சினன் மகனுக்குக் காது குத்து. கறிச்சோறு தின்னுட்டு ராத்திரியே கெளம்பியிருக்கணும். மாமியார் விடல. இங்கிட்டு வந்து ஏறுனேன் பாருங்க!"

"என்னங்க, அவசரமா போன் பண்ணணுமா?"

"அதெல்லாம் இல்லம்மா. வேற ஒரு சோலி." வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஷர்லி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். மனசு கணக்குப் போட்டது. அவர் கடைசியாகக் கொடுத்த கட்டளை முட்டு. இனி பன்றிக்கு ஓய்வில்லை. இருபது விநாடிக்கு ஒரு முறை, சுருண்டு கிடக்கிற அழுங்கின் மேல் போய் முட்டிக்கொண்டே இருக்கும். அழுங்கு தாங்குமா? தாங்கும், வசந்தகுமார் சும்மா நின்றால்.

வண்டி நின்றது.

ஷர்லி எக்கிப் பார்த்தாள். முன்னால் ஒரு கல் லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. மெதுவாக, ஊரையே விலைக்கு வாங்கியவனைப் போல.

இரண்டு நிமிடம். இரண்டரை.

"அண்ணே, எப்பண்ணே கெளம்பும்?"

கண்டக்டர் டிக்கெட் கட்டைச் சரிசெய்தபடி சொன்னார்: "எறங்கித் தள்ளுறியாத்தா? ஒனக்கும் டிரைவருக்கும் சேத்து லாரிக்காரன் ஆசீர்வாதம் பண்ணுவான்."

மூன்று நிமிடம். மூன்றேகால். நாலாவது நிமிடம் முடிந்தால் அழுங்கு களத்தை விட்டுப் போய்விடும். ஷர்லி எழுந்து நின்றாள். நின்று ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்து உட்கார்ந்தாள்.

லாரி நகர்ந்தது. வண்டி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. மூன்று நிமிடம் ஐம்பது விநாடியில் போனின் மூலையில் ஒரே ஒரு கோடு எட்டிப் பார்த்தது.

திரை உயிர் பெற்றது.

பன்றி இல்லை. முட்டி முட்டித் தானே செத்திருந்தது. அழுங்கு இருந்தது, ஒன்பது சதவீத உயிரோடு.

புலியும் இல்லை.

"அண்ணே! புலி எங்க?"

"நான் என்னத்தச் சொல்ல." வசந்தகுமார் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மூணு முட்டு வரைக்கும் பின்னாடிதான் நின்னேன். ஆந்தையப் பாதிக்கு மேல அடிச்சுட்டேன். பன்றி தானா சாகுதுன்னு பாத்ததும் கை பரபரன்னு இருந்துச்சு. நானே முடிச்சுருவோம்னு முன்னாடி குதிச்சேன். ஒரே முட்டு."

ஆந்தைக்கு முப்பத்து நாலு. அழுங்குக்கு ஒன்பது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம், அதாவது இருபது விநாடிக்கு ஒரு கட்டளையாக ஒன்பது முறை. அழுங்குக்கோ அடிக்கத் தெரியாது.

"முடிஞ்சுபோச்சு புள்ள."

"இருங்கண்ணே."

பின் சீட்டில் ஒரு ஓலம். "பன்றி செத்துருச்சே!" அடுத்த கணம் அந்தத் தலை ஷர்லியின் தோளுக்கு மேல் நீண்டது. துப்பட்டா நழுவியிருந்தது. "அட! அந்த அழுங்கு நீதானாம்மா?"

"ஆமாங்க."

"பள்ளத்துல மூணு நிமிஷம்னு அவ்வளவு பவ்யமா சொன்னியே! ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எதிராளிகிட்டயாங்க?"

பக்கத்து சீட்டு அம்மாள் சிரித்துவிட்டார். விராலிமலைக்காரர் தன் போனில் கூட்டாளியிடம் கத்தினார்: "யேய், ஆளு என் முன் சீட்டுலதான் உக்காந்திருக்கு! விடாத, பொசுக்கு!"

ஆந்தை நெருப்பு துப்பியது. ஷர்லி சுருண்டாள். இரண்டு சதவீதம் போயிற்று. மறுபடி நெருப்பு. மறுபடி சுருள். ஐந்து. இப்போது ஆந்தை மூச்சு வாங்கும். ஷர்லி மருந்து போட்டாள். பதினைந்து ஏறி இருபது.

நெருப்பு, நெருப்பு, மூச்சு. சுருள், சுருள், மருந்து. முப்பத்தொன்று.

அவள் விரலில் நிதானம். கடையில் கண் சோதிக்கும்போது 'இது தெளிவா, இது தெளிவா' என்று கண்ணாடி மாற்றுவாளே, அதே நிதானம்.

நெருப்பு. சுருள். நெருப்பு. சுருள். இருபத்தேழு. மிச்சம் ஒரே ஒரு முறை.

"இந்தத் தடவ மூச்சு வாங்காத!" விராலிமலைக்காரர் பேருந்தே கேட்கும்படி கத்தினார். "அடி! நேரா அடிச்சிரு!"

"ஷர்லி, எனக்கே கேக்குது!" வசந்தகுமார் பதறினான். "அடிக்கப் போறான். மருந்து போட்டா தெறந்து கெடப்ப. சுருளு! கேப்டன் சொல்றேன், சுருளு!"

சுருண்டால் இருபத்தேழுக்கு மேல் ஏறாது. ஆந்தைக்கு முப்பத்து நாலு. சுருண்டாலும் தோல்விதான், கொஞ்சம் மரியாதையான தோல்வி. மூச்சு வாங்காமல் ஆந்தைக்கு நெருப்பு வராது. பின்னால் இருப்பவர் அவளைப் பயமுறுத்தப் பார்க்கிறார். கேப்டனுக்கும் அது தெரியும். ஆனால் சத்தம் கேட்டதும் மறந்துவிட்டான், அவள் பள்ளத்தில் இருந்தபோது மறந்ததைப் போலவே.

ஷர்லி மருந்தை அழுத்தினாள்.

ஆந்தை இறக்கையை மடக்கி, அலகைத் திறந்து, மூச்சு வாங்கியது.

நாற்பத்திரண்டுக்கு முப்பத்து நாலு. நேரம் முடிந்தது.

விராலிமலைக்காரர் சீட்டில் சாய்ந்தார். பிறகு பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். "காது குத்து வீட்டு அதிரசம்மா. புடி. எம்பேரு ஆரோக்கியதாஸ். ஏழு வருஷமா பன்றி வச்சு ஆடுறேன். ஒரு அடிகூட அடிக்காத ஒண்ணுகிட்ட இன்னைக்குத்தான் செத்தேன்."

"ஷர்லிங்க." வாங்கிக்கொண்டாள்.

இயர்போனில் வசந்தகுமார் இன்னும் இருந்தான். ஷர்லியே கேட்டாள்.

"அண்ணே, நான் இருக்கேனா, இல்லையா?"

"நீ பள்ளத்துல இருந்தப்ப முன்னாடி குதிச்சது நானு. கடைசியில தப்பாச் சொன்னதும் நானு. ஒன்னையத் தூக்குனா ஊரு சிரிக்கும்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "ரகுநாத்துக்கு நான் சொல்லிக்கிறேன். அரையிறுதிக்கு நேரம் கேக்குறாங்க. நீ வீட்டுக்கு வந்தப்பறம் ராத்திரியா வச்சுக்குவமா? டவர் நல்லா இருக்கும்."

"வேணாண்ணே, இதே எட்டேகாலுக்குக் கேளுங்க" என்றாள் ஷர்லி. "அந்த மூணு நிமிஷம் கையக் கட்டிக்கிட்டு நிக்க நீங்க பழகணும்."

"வாய்!" என்றான் வசந்தகுமார். ஆனால் மறுக்கவில்லை.