முழங்காலிடாதவர்

எங்கள் சபையில் கை தூக்கி வாக்கெடுக்கும் வழக்கம் இல்லை. எந்தக் காலத்திலோ கைகளை எண்ணும்போது தகராறு வந்து, அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே பேச்சு நின்றுபோனதாம். அதன் பிறகு போதகர் தீர்மானத்தை வாசிப்பார், சம்மதம் உள்ளவர்கள் ஜெபத்துக்கு முழங்காலிடுவார்கள் என்று ஆயிற்று. ஒரே ஒருவர் நாற்காலியை விட்டு இறங்காவிட்டாலும் தீர்மானம் விழுந்துவிடும்.

சபைக் குழுவில் இருந்த என் கணவருக்கு இதில் விலக்கு இருந்தது. சிறுநீரகம் கெட்டுக் கால்கள் வீங்கிப்போனதால் அவரால் குனியவே முடியாது. ஆகவே அவர் உட்கார்ந்திருந்தாலும் முழங்காலில் இருப்பதாகவே கணக்கு. குழுவில் எல்லோருக்கும் அது பழகிவிட்டிருந்தது.

அவருக்கு ரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் பாதி நாள் நெடுந்தூரம் வண்டியில் போய் வந்தோம். ரொட்டிக்கடைக்காரரும் எங்களோடு வருவார். அவருக்கும் அதே நோய், வயது மட்டும் எங்கள் மகனுடையது. அந்த நேரத்தில்தான் வெளியூர் அறக்கட்டளை ஒன்று, எங்கள் சபை மருத்துவமனையிலேயே டயாலிசிஸ் பிரிவு கட்டித் தருவதாகச் சொன்னது. இடம் மட்டும் நாங்கள் தர வேண்டும். அந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். சபைக்கு இருந்தது இரண்டே இடங்கள். ஒன்று கல்லறைத் தோட்டம், மற்றது ஆலயத்துக்குப் பின்னால் இருந்த குளம்.

"கல்லறைத் தோட்டத்துலயே கட்டிடலாமே. எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார் என் கணவர். ரொட்டிக்கடைக்காரர் மட்டும்தான் சிரித்தார்.

கல்லறைகளைத் தொட யாரும் சம்மதிக்கவில்லை, மிஞ்சியது குளம். அதைத் தூர்த்தால் கீழ்த்தெருக் கிணறுகள் வற்றிப்போய்விடும். முன்பு ஒரு முறை சேறு அள்ளுவதற்காகக் குளத்து நீரை இறைத்தபோது அங்கே வாளிகள் கிணற்றின் அடித்தரையில் மோதியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கீழ்த்தெருவில் எங்கள் சபையார் ஒருவரும் இல்லை.

இடத்தை முடிவு செய்யக் குழு கூடியபோது பெண்கள் சங்கத்துக்காக நானும் இருந்தேன். மின்விசிறி ஓடாத சின்ன அறை. போதகர் நல்ல மனிதர். வண்டிப் பயணத்தில் நாங்கள் படும் பாட்டைச் சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"அண்ணே, உங்க உயிருக்காகத்தான் பேசறோம். கீழ்த்தெருவுக்கு நகராட்சி குழாய் போட்டுக் கொடுக்கும்னு நம்புவோம்."

"நம்பிக்கை நமக்கு, தாகம் அவங்களுக்கா ஐயா?"

"நோயாளியைப் பார்த்துக்கறது நம்ம கடமை இல்லையா? அயலான நேசிக்கணும்னு நீங்கதானே ஞாயிறு பள்ளியில சொல்லிக் கொடுத்தீங்க?"

"அயலான்னா நம்ம பெஞ்சுல பக்கத்துல உட்கார்றவன் மட்டும்னு சொல்லிக் கொடுக்கலையே. கேட்காம எடுத்து எனக்குக் குடுக்காதீங்க, அவ்வளவுதான்."

போதகர் தீர்மானத்தை வாசித்தார். நாற்காலிகள் பின்னே நகர்ந்தன. நான் முழங்காலிட்டேன். என் கணவர் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"நான் முழங்காலில இல்லை ஐயா" என்றார் அவர். முந்தைய நாள் சிகிச்சையில் களைத்துப்போன குரல்.

"தெரியும் அண்ணே, உங்களுக்குத்தான் விலக்கு இருக்கே" என்று அன்போடு சொல்லிவிட்டுப் போதகர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நான் குனிந்துகொண்டால் எல்லாம் முடிந்துவிடும். ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதுவார்கள், அடுத்த வருடம் அவர் நடந்தே போய்ச் சிகிச்சை எடுப்பார்.

"ஐயா" என்றேன். ஜெபம் நடுவில் நின்றது. "அவர் உட்கார்ந்திருக்கறது கால் வீங்கினதால இல்லை. வேண்டாம்னு உட்கார்ந்திருக்கார்."

அதைச் சொன்னபோதும் நான் முழங்காலில்தான் இருந்தேன். தீர்மானம் விழுந்தது. மறுபடி கூட்டம் போடுவதற்குள் மாதம் முடிந்து, அறக்கட்டளை வேறு ஊருக்குப் போனது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நீ ஏன் சொன்னே?" என்றார்.

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

"நான் வாயே திறக்கலையே."

"என்னிக்கு வாயத் திறந்து கேட்டிருக்கீங்க? ஒரு வாய் காபிக்குக்கூட இதே பார்வைதானே."

சிரித்தார். பிறகு தெருமுனை வரை என் கையை விடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் எங்கள் வண்டி போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. முன்னால் ஏதோ விபத்து. அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நானும் தோளை அசைக்காமல் இருந்தேன். வண்டி நகர்ந்தபோது அவர் தலை என் மடியில் விழுந்தது.

அடக்கத்துக்குச் சபை முழுவதும் வந்தது. கீழ்த்தெருவிலிருந்து யாரும் வரவில்லை. அவரை அவர்களுக்குத் தெரியாது. குளத்தைத் தூர்க்கும் பேச்சு நடந்ததே அவர்களுக்குத் தெரியாது.

சில நாள் கழித்து ரொட்டிக்கடைக்காரரின் மனைவி வீட்டுக்கு வந்தாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"அக்கா, துக்க வீட்டுல பேசக்கூடாதுதான். ஆனா பேசாம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும். உங்க வீட்டுக்காரர் அவர் உயிரைக் குடுத்தார், சரி. அது அவரோடது. என் வீட்டுக்காரரோடதையும் சேர்த்துக் குடுக்க அவர் யாரு?"

கிணறுகளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிணறு என்று எப்படிச் சொல்வது?

"இப்ப அவர்கூட வண்டியில யாரும்மா போறா?" என்று கேட்டேன்.

"யாரு போவா? தனியாத்தான். நானும் கிளம்பிட்டா அடுப்பை யார் பார்க்கறது?"

"நான் போறேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இப்போது நான் ரொட்டிக்கடைக்காரரோடு போகிறேன். என் கணவர் செய்தது சரியா என்று அவர் ஒருமுறை கேட்டார். தெரியலப்பா என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. திரும்பி வரும்போது களைப்பில் அவருக்குக் கண் சொக்கும். நான் விடுவதில்லை, தோளைத் தட்டி எழுப்பிவிடுகிறேன்.

"அக்கா, கொஞ்ச நேரம் தூங்க விடுங்களேன். என் பொண்டாட்டியே தேவலை போலிருக்கு."

"வீட்டுல போய்த் தூங்கு. மாவு ஏன் சில நாள் பொங்க மாட்டேங்குது, அதைச் சொல்லு."

அலுத்துக்கொண்டே சொல்லத் தொடங்குகிறார். நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.